கண்மாயில் முதலில் தண்ணீரைப் பாருங்கள், பிறகு பறவையை

நவம்பர் பிறந்துவிட்டால் போதும், "வேடந்தாங்கலுக்கு எப்போது போகலாம் சார்?" என்று தெரிந்தவர்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் அங்கே மரம் கொள்ளாமல் கூடு கட்டியிருக்கும் மஞ்சள்மூக்கு நாரையையும் நத்தைகுத்தி நாரையையும் காட்டி "சைபீரியாவிலிருந்து வந்தவை" என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். அவை இந்த நாட்டுப் பறவைகள். பருவமழையை ஒட்டிக் குஞ்சு பொரிக்க அங்கே கூடுகின்றன. வடக்கிலிருந்து வரும் வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை இங்கே கூடு கட்டுவதே இல்லை. இரைக்காக மட்டும் வருகின்றன. இரை எங்கும்தான் இருக்கிறது. மதுரை, சிவகங்கைப் பக்கம் பன்னிரண்டு வருடங்களாக நான் சுற்றிவருவதெல்லாம் எந்தப் பலகையும் வைக்காத சாதாரணக் கண்மாய்களைத்தான்.

பறவைப் பெயர்களை மனப்பாடம் செய்வது இருக்கட்டும். கண்மாயில் தண்ணீர் எங்கே ஆழம், எங்கே மேடு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கரையையும் மடையையும் ஒட்டித்தான் ஆழம் அதிகம். அங்கே முக்குளிப்பானும் நாமக்கோழியும் இருக்கும், இரண்டும் முங்கி இரை தேடக்கூடியவை. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் மூன்றும் மேய்வதற்காக முங்குவதில்லை. தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலைத் தூக்கி, கழுத்து எட்டும் ஆழத்தில் மேய்கின்றன. அதனால் கரைமேல் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு "ஒன்றுமே இல்லையே" என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். சுற்றிக்கொண்டு, கரைக்கு எதிரே ஆழம் குறைந்த உள்வாய்ப் பக்கம் போங்கள். கண்மாய் நிரம்பிக் கலுங்கு (உபரி நீர் வழியும் இடம்) பாயும் வாரத்தில் எங்குமே அதிகம் கிடைக்காது. அன்றைக்கு வீட்டில் படுத்துத் தூங்கலாம்.

சம்பாவுக்கு மடை திறந்து தண்ணீர் இறங்க இறங்கத்தான் விருந்து தொடங்குகிறது. கரையோரம் சேறு தெரிந்த இரண்டு மூன்று நாளில், சேற்றில் இரை தேடும் உள்ளான்கள் வந்துவிடும். எந்த நாள் என்று எப்படித் தெரியும்? மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடும் நீர்பாய்ச்சியைக் கேட்பேன். "மடை திறந்து எத்தனை நாள் ஆயிற்று, அண்ணே?" என்றால், "நாலு நாள் ஆகிறது தம்பி. கிழக்கு மூலையில் சேறு தெரிகிறது, உள்ளானெல்லாம் அங்கேதான் மேய்கிறது" என்று நின்ற இடத்திலிருந்தே கை காட்டுவார். எந்தச் செயலியும் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை.

சேற்றில் நிற்கும் பறவைகளைக் கால் நீளத்தை வைத்துப் பிரித்துப் பழகுங்கள். நெடுங்கால் உள்ளான் தன் முழங்காலளவு தண்ணீரிலும் நடக்கும். பச்சைக்கால் உள்ளான் அதற்குச் சற்று இப்பால். முதுகில் பொரி தூவியதுபோல் இருக்கும் பொரி உள்ளான் ஈரச் சேற்றிலும் வரப்பிலும் நிற்கும். தண்ணீர் விளிம்பில் பின்புறத்தை ஓயாமல் ஆட்டிக்கொண்டே நடந்தால் அது வெறும் 'உள்ளான்' என்றே பெயர் பெற்றது. மார்பின் வெள்ளை தோள் பக்கமாக ஒரு கீற்று மேலேறியிருப்பதைப் பாருங்கள், பிறகு அதை மறக்கவே மாட்டீர்கள். விசிறிவால் உள்ளானை மட்டும் உட்கார்ந்த நிலையில் பார்ப்பது அபூர்வம். கோரைக்குள் பதுங்கியிருந்து, காலடிக்குப் பக்கத்தில் கரகரவென்று கத்திக்கொண்டு கிளம்பி வளைந்து வளைந்து பறக்கும். முதல் தடவை எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இதைச் சொல்லாதவர் யாருமில்லை, கேட்டவரும் அதிகமில்லை. நானும் கேட்கவில்லை. முதல் வருடம் காலை ஏழு மணிக்குக் கிழக்குப் பார்த்து நின்றுகொண்டு நோட்டில் "நாமக்கோழி 200" என்று எழுதிவிட்டேன். அங்கே தெரிந்ததெல்லாம் கறுப்பு உருவங்கள்தானே! சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனபோது அதில் பாதி நீலச்சிறகி. நெற்றியில் வெள்ளை நாமம் உள்ளதை மட்டும் எண்ணிப் பார்த்ததில் தொண்ணூறைத் தாண்டவில்லை.

நீலச்சிறகியைப் பற்றி இன்னொன்று. படத்தில் ஆணுக்கு அகலமான வெள்ளைப் புருவம் இருக்கும். டிசம்பரில் அதைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். அப்போது பெரும்பாலான ஆண்கள் பெண் பறவையைப் போலவே பழுப்பாக இருக்கும், புருவம் பிப்ரவரி வாக்கில்தான் தெளியும். அதுவரை முகத்தில் ஓடும் வரிகளைப் பாருங்கள். தட்டைவாயனுக்கு இந்தச் சிக்கல் இல்லை, கரண்டி போன்ற அலகு எல்லா மாதமும் கரண்டிதான். அலகு நுனியில் மஞ்சள் தெரிந்தால் புள்ளிமூக்கு வாத்து, அது இங்கேயே இருப்பது.

பெரும் கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முயலாதீர்கள். பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் வைத்துக்கொண்டு, அதே அளவால் கூட்டத்தை அளந்துகொண்டே போங்கள். சேற்றுப்பூனைப்பருந்து தாழப் பறந்து வந்து எல்லாவற்றையும் கிளப்பிவிடுமுன் முடித்துவிட வேண்டும். படமெடுக்கச் சிலர் கல்லெறிந்து கிளப்புகிறார்கள். அவர்களோடு நான் இரண்டாம் முறை போவதில்லை. 8×42 பைனாகுலர் ஒன்று போதும். பொங்கலை ஒட்டி நான்கு நாள் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் இந்த எண்ணிக்கையை இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றலாம். கூடவே தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த வருடம் உங்களுக்கே உதவும்.

ஆற்றில் எனக்கு அவ்வளவாக ராசி இல்லை. மணல்திட்டில் வாலாட்டிகள் கிடைக்கும், அவ்வளவுதான்.

வயலுக்கு வாருங்கள். அறுவடை முடிந்து உழவு ஓடும்போது டிராக்டருக்குப் பின்னால் நடந்து பாருங்கள். புரண்ட மண்ணில் பூச்சி பொறுக்க மஞ்சள் வாலாட்டிகள் ஓடிவரும், ஆடு மேய்கிற இடத்திலும் அப்படித்தான். மின்கம்பியில் வரிசையாகத் தகைவிலான்கள் இருந்தால் அவசரப்படாமல் கடைசிவரை பாருங்கள், நடுவில் நீலவால் பஞ்சுருட்டான் ஒன்றிரண்டு இருக்கலாம். மாலையில் கருமேகம்போலச் சுருண்டு விரியும் கூட்டம் சூறைக்குருவி. உடம்பு இளஞ்சிவப்பு, தலையும் இறக்கையும் கறுப்பு. அவை வந்து அடையும் மரத்தைக் கண்டுபிடித்து, அரை மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள். மரத்தடியில் மட்டும் நிற்க வேண்டாம். சட்டையை நான்தான் துவைக்க வேண்டியிருந்தது.

மார்ச் கடைசியில் என் கண்மாயில் ஒரு குட்டைதான் மிஞ்சும். போன வருடம் அதில் பதினொரு நீலச்சிறகிகள், ஆண்களுக்கெல்லாம் புருவம் பளிச்சென்று இருந்தது. மூன்று நாள் கழித்துப் போனேன். இரண்டு எருமைகளும் ஒரு புள்ளிமூக்கு வாத்தும் இருந்தன.