கலம்காரிப் பட்டறையைக் காலி செய்யும்போது

காளஹஸ்தியில், மூங்கில் பேனாவால் துணியில் சித்திரம் தீட்டும் கலம்காரிப் பட்டறையைக் காலி செய்கிறவர்களுக்குச் சொல்கிறேன். கையிலிருக்கும் துணியை அங்கேயே முடித்துவிடுங்கள். சுவர்ணமுகி ஆற்றில் அலசிப் பழகிய சாயம், தண்ணீர் மாறினால் நிறமும் மாறும்.

கருப்புச் சாயம்தான் பெரிய வேலை. வெல்லத்தண்ணீரில் இரும்புத்துண்டு ஊறி, வாரக்கணக்கில் புளித்தது அது. வடிகட்டி முக்கால் கேன் மட்டும் ஊற்றுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், வாயு முட்டும். ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும், கடுக்காயும் எருமைப்பாலும் ஏற்றிய துண்டுத்துணியில் ஒரு கோடு இழுத்து, கருப்பு சரியாக விழுகிறதா என்று பாருங்கள்.

மூங்கில் பேனாக்கள் சின்ன மூட்டைதான்.

சுவரில் தெறித்த கறையைச் சுரண்ட எனக்கு மனசே வரவில்லை. வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன், "இருக்கட்டும்" என்றார். நீங்களும் வெள்ளையடிக்கும் முன் கேளுங்கள். அப்புறம், சாவியை யாரிடமும் கொடுத்தனுப்பாமல் நேரில் போய்க் கொடுங்கள்.