கிரீஸ்ல மீன் சாப்பிடப் போறீங்களா? இந்தத் தப்பையெல்லாம் பண்ணாதீங்க

கிரீஸ்ல ஏதென்ஸ் பக்கத்துல இருக்குற பிரேயஸ் துறைமுகத்துல ஒரு ஷிப்பிங் ஆபீஸ்ல வேலை எனக்கு. கப்பல்ல இருந்து சைன் ஆஃப் பண்ணி இறங்குற நம்ம பசங்க, அவங்கள பாக்க வர்ற குடும்பம், லீவுக்கு தீவு சுத்த வர்ற ஐடி ஆளுங்கன்னு வசந்தகாலம் தொடங்கிட்டா போதும், யாராவது ஒருத்தர் போன் பண்ணி "அண்ணே, நல்ல மீன் சாப்பாடு எங்க கிடைக்கும்"னு கேட்டுட்டே இருப்பாங்க. கடையை காட்டிவிடுறது ஈஸி. ஆனா உள்ள போய் உக்காந்து அவங்க ஆர்டர் பண்றத பாத்தா மனசு கேக்க மாட்டேங்குது, இங்க வந்த புதுசுல எல்லாரும் பண்ற தப்பு இருக்கே, அதையே வரிசை மாறாம பண்றாங்க. ரிவ்யூ பாருங்க, டேபிள் புக் பண்ணுங்கன்னெல்லாம் நான் எழுதப் போறதில்ல, அது உங்களுக்கே தெரியும். காசையும் நல்ல சாப்பாட்டையும் சேத்து இழக்க வைக்கிற விஷயங்களை மட்டும் சொல்றேன்.

ஏழு மணிக்கே போய் உக்காராதீங்க

மதியம்னா ரெண்டு மணிக்கு மேல, ராத்திரின்னா ஒன்பதுக்கு மேல.

மெனு கார்டுல இருக்குற மீன் விலையை தட்டு விலைன்னு நினைக்காதீங்க

இதைத்தான் நான் ரொம்ப நேரம் பேசப் போறேன், ஏன்னா இன்னைக்கும் இதை நினைச்சா எனக்கு கோவம் வரும்.

ப்சாரோதவெர்னான்னு சொல்ற மீன் கடைகள்ல நல்ல ரக மீனுக்கு விலை கிலோ கணக்குதான். மெனுவுல ஃபாக்ரி, சினாக்ரிதா, பர்பூனின்னு பேரு போட்டு பக்கத்துல 70, 80, 85ன்னு இருக்கும், மேலயோ ஓரத்துலயோ பொடி எழுத்துல கிலோன்னு இருக்கும். நாலு பேர் உக்காந்துட்டு 85 யூரோவுக்கு ஒரு பெரிய மீன் வரும் போல, ஆளுக்கு இருபது சொச்சம், பரவால்லன்னு ஒரு கணக்கு போட்டுக்குறாங்க. அங்கதான் மாட்டுறாங்க.

எனக்குத் தெரிஞ்ச ஒரு செகண்ட் ஆபீசர், தூத்துக்குடிக்காரர், செவுளைத் தூக்கிப் பாக்காம வீட்டுக்கு மீன் வாங்க மாட்டார். பொண்டாட்டி, மாமனார், மாமியாரோட ஒரு தீவுக்கு போயிருந்தார். சூரியன் மறையுற பக்கமா பாத்து போட்ட டேபிள், வெயிட்டர் சிரிச்ச முகமா வந்து "இன்னைக்கு பிடிச்ச மீன் இருக்கு, நாலு பேருக்கு சரியா ஒண்ணு நானே பாத்து எடுத்துட்டு வர்றேன்"னு சொல்லியிருக்கான். மாமனார் முன்னாடி விலை விசாரிச்சா மரியாதையா இருக்காதுன்னு இவரும் தலையாட்டிட்டார். வந்தது 2.2 கிலோ மீன். கிலோ 85. அந்த ஒரு மீனுக்கு மட்டும் 187 யூரோ, அதுக்கு மேல சாலட், வைன், பிரெட், தண்ணி எல்லாம் தனி. அன்னைக்கு ராத்திரி எனக்கு போன் பண்ணி "அண்ணே, இவனுங்க மேல கம்ப்ளெயின்ட் பண்ண முடியுமா"ன்னு கேட்டார். முடியாது. விலை மெனுவுல இருக்கு, கிலோன்னு போட்டிருக்கு, மீனும் அந்த எடை இருந்திருக்கு. சட்டப்படி யாரும் எதுவும் தப்பு பண்ணல. நாலு பேர்ல ரெண்டு பேர் வயசானவங்க, ஒன்றரை கிலோவே தாராளம், அது அந்த வெயிட்டருக்கு தெரியாம இருக்காது, தெரிஞ்சே பெரிய மீனா எடுத்திருக்கான், அதுதான் எனக்கு ஆறல. அந்தாளு மாமனாரை சந்தோஷப்படுத்த கூட்டிட்டுப் போன சாப்பாடு அது, கடைசியில ஹோட்டல் ரூம்ல யாரும் யார்கூடவும் பேசலையாம்.

இதுக்கு மருந்து ரொம்ப சிம்பிள், கிரேக்கர்களே தினமும் பண்றதுதான். மெனுவை மூடி வச்சுட்டு எந்திரிச்சுப் போங்க. ஐஸ் மேல மீனை அடுக்கி வச்சிருக்குற கண்ணாடிப் பெட்டி கடைக்குள்ள, பெரும்பாலும் கிச்சன் பக்கமா இருக்கும். நல்ல கடையில நீங்க கேக்கவே வேணாம், அவங்களே "வாங்க பாருங்க"ன்னு கூட்டிட்டுப் போவாங்க. கண்ணு வெளிய உப்பி தெளிவா இருக்கா, செவுள் நல்ல சிவப்பா இருக்கா, உடம்பு விறைப்பா இருக்கான்னு பாருங்க, இதெல்லாம் நம்மாளுங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. பிடிச்ச மீனை விரலால காட்டுங்க. தராசுல வைக்கச் சொல்லுங்க. எடை வந்ததும் இது மொத்தம் எத்தனை யூரோன்னு கேளுங்க, கிலோ விலையை கேட்டு திருப்திப்பட்டுடாதீங்க, மொத்தத் தொகையை வாயால சொல்ல வைங்க. சொன்னதை போன்ல டைப் பண்ணி அவருக்கு காட்டிட்டா இன்னும் நல்லது. அதிகமா தெரிஞ்சா "இதவிட சின்னது வேணும்"னு சொல்லுங்க, அங்க யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க. தராசு பக்கம் வர விடாம "நான் பாத்துக்குறேன், நீங்க உக்காருங்க"ன்னு தள்ளுற கடைன்னா தண்ணி குடிச்சதுக்கு மட்டும் காசு குடுத்துட்டு எந்திரிச்சு வந்துடுங்க.

இன்னொண்ணும் புரிஞ்சுக்கணும். எடை போடுறது பச்சை மீனை, செதில் குடல் எல்லாத்தோடயும். சுத்தம் பண்ணி கரியில சுட்டு தட்டுக்கு வரும்போது எடை நல்லாவே குறைஞ்சிருக்கும், தலை முள்ளு போக சதை இன்னும் கம்மி. இது ஏமாத்து இல்ல, ஊர் முழுக்க இதே வழக்கம்தான். முன்னாடி ரெண்டு மூணு சின்ன தட்டு சாப்பிடுறதா இருந்தா ஆளுக்கு 350, 400 கிராம் முழு மீன் கணக்குல எடுத்தா போதும்.

அஸ்தகோமகரொனாதான்னு சிங்கி இறால் போட்ட ஸ்பகெட்டி ஒண்ணு இருக்கு, போட்டோவுல அள்ளும். அதுவும் நிறைய கடையில கிலோ விலைதான், மீனைவிட அதிகமாவே இருக்கும். பாஸ்டா தானேன்னு அசால்ட்டா சொல்லிடாதீங்க. சிங்கியை உயிரோட காட்டச் சொல்லி, எடை போட்டு, தொகை கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க.

பட்ஜெட் டைட்டா இருந்தா சிபூரா இல்ல லவ்ராக்கி கேளுங்க. ரெண்டும் ஒரு ஆள் சைஸ்ல, தட்டு விலைக்கே கிடைக்கும். அந்த சைஸ்ல வர்றது பெரும்பாலும் கடல்ல கூண்டு கட்டி வளர்த்த மீன், அந்த வளர்ப்புல ஐரோப்பாவுலயே கிரீஸ் முன்னணியில இருக்கு. சுத்தமா இருக்கும், ருசியும் நல்லாத்தான் இருக்கும். வளர்ப்பு மீனை கடல் மீன்னு சொல்லி கடல் மீன் விலைக்கு குடுத்தாத்தான் பிரச்சனை, அதனால வளர்ப்பா கடலான்னு நேரடியா கேட்டுடுங்க.

மாசம் பாக்காம மீன் கேக்காதீங்க

நம்ம கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் தடைக்காலம் இருக்குல்ல, அது மாதிரி கிரீஸ்லயும் உண்டு. ஜூன்ல இருந்து செப்டம்பர் கடைசி வரைக்கும் இழுவை மடி போடுற பெரிய படகுகளுக்கு கிரீஸ் கடல் எல்லைக்குள்ள தடை. டூரிஸ்ட் கூட்டம் குவியுற மாசமும் அதேதான்! அப்போ கடல் மீன் வர்றது கரையோரமா சின்ன வலையும் தூண்டிலும் போடுற சின்ன படகுகள்ல இருந்து, வரத்து கம்மி, கேக்குறவங்க ஜாஸ்தி, விலை ஏறாம என்ன பண்ணும்?

மத்தியும் நெத்திலியும் வேற கணக்கு. ராத்திரியில விளக்கு போட்டு மீனைக் கூட்டி சுருக்குமடி வலையில பிடிக்கிறாங்க, அந்தப் படகுக்கு பேரு க்ரி-க்ரி. டிசம்பர் நடுவுல இருந்து பிப்ரவரி கடைசி வரைக்கும் அதுக்கும் தடை, அது இல்லாம பௌர்ணமிய ஒட்டின ராத்திரிகள்லயும் போக மாட்டாங்க, நிலா வெளிச்சத்துல விளக்கைத் தேடி மீன் வந்து சேராது. ஜனவரி மாசம் "ஃப்ரெஷ் நெத்திலி"ன்னு ஒருத்தர் அடிச்சு சொன்னா ரெண்டு தடவை யோசிங்க. ஏதென்ஸ்ல இருந்தா காலையில அதினாஸ் தெருவுல இருக்குற வர்வாக்கியோஸ் மார்க்கெட்ட ஒரு சுத்து சுத்திட்டு வாங்க, ஞாயிறு லீவு. அன்னைக்கு எந்த மீன் குவிஞ்சு கிடக்கோ அதைத்தான் ராத்திரி கேக்கணும்.

சின்ன மீனை மட்டமா நினைக்காதீங்க

கிரீஸ் வந்துட்டு நெத்திலியா சாப்பிடுறதுன்னு கேக்குறாங்க. ஆமாங்க, சாப்பிடணும்! காவ்ரோஸ்னா நெத்திலி, சார்தெல்லான்னா மத்தி, மரீதான்னு விரல் நீள மீன் ஒண்ணு, எல்லாம் மாவுல புரட்டி மொறுமொறுன்னு பொரிச்சு வரும், எலுமிச்சையை பிழிஞ்சுட்டு தலையோட கடிச்சு சாப்பிடலாம், விலையும் தட்டுக்குத்தான், கிலோவுக்கு இல்ல.

லெஸ்வோஸ் தீவு பக்கம் ஜூலை, ஆகஸ்ட்ல போனீங்கன்னா கலோனி வளைகுடா மத்தியை விட்டுடாதீங்க. காலையில பிடிச்ச மத்தியை கல்லுப்புல அடுக்கி சில மணி நேரம் விட்டுருவாங்க, அடுப்புல வைக்கவே மாட்டாங்க. சாயங்காலம் தட்டுல வரும்போது தோலை கழுத்துப் பக்கம் நகத்தால நெம்பி இழுத்தா சரசரன்னு முழுசா உரிஞ்சு வரும், அப்புறம் ரெண்டு விரலால சதையை நடு முள்ளுல இருந்து அப்படியே வழிச்சு எடுத்துடலாம், உள்ள ரோஸ் கலர்ல, வெண்ணெய் மாதிரி. பச்சை மீனான்னு பயந்து ஒதுக்குனவங்க முதல் வாய்க்கு அப்புறம் ரெண்டாவது தட்டு கேட்டத நான் பாத்திருக்கேன்.

நட்சத்திரக் குறியை பாத்து ஓடாதீங்க, பாக்காமலும் இருக்காதீங்க

ஃப்ரோசன் ஐட்டத்தை மெனுவுல குறிப்பிட்டே ஆகணும், அதனால பேருக்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரமோ சின்ன குறிப்போ இருக்கும். கணவாய், இறால்ல இது சகஜம். பேய்க்கணவாய்க்கு அது ஒரு குறையே இல்ல, உறைய வச்சு எடுத்தா சதை இளகி மெதுவாகும். மீனுக்கு நட்சத்திரம் இருந்தா அன்னைக்கு வேற மீன் பாருங்க.

மசாலா கேக்காதீங்க

உப்பு, ஆலிவ் எண்ணெய், எலுமிச்சை. அது போதும்.

ஆளுக்கு ஒரு தட்டுன்னு ஆர்டர் பண்ணாதீங்க

எல்லாம் டேபிள் நடுவுல வச்சு பகிர்ந்து சாப்பிடுறதுதான் அங்க முறை. நாலு பேர்னா தரமோசலாட்டான்னு மீன் முட்டையில பண்ற மசியல் ஒண்ணு, சாந்தோரினி ஃபாவான்னு மஞ்சள் பருப்பு மசியல் ஒண்ணு, ஹோர்த்தான்னு கீரையை வேகவச்சு எண்ணெய் எலுமிச்சை ஊத்தி தருவாங்க அது ஒண்ணு, கரியில சுட்ட பேய்க்கணவாய் ஒண்ணு. இதை முதல்ல சொல்லுங்க, சாப்பிட்டுட்டே மீனுக்கு எந்திரிச்சுப் போங்க. எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொன்னா எது முதல்ல ரெடியாகுதோ அது வந்து இறங்கும், பொரிச்சதெல்லாம் ஆறிப் போய் கடைசியில பாதி தட்டு மீந்து நிக்கும். தரமோசலாட்டா அடர் ரோஸ் கலர்ல வந்தா அது சாயம், நல்ல மீன் முட்டையில பண்ணினது வெளிறின கலர்ல இருக்கும்.

ஊசோவை ஒரே மடக்கா அடிக்காதீங்க

சோம்பு வாசம் இருக்குற சரக்கு, சுமார் 40 சதவீதம் ஆல்கஹால். முதல்ல தண்ணி ஊத்துங்க, பால் மாதிரி வெளுக்கும், அதுக்கு அப்புறம் ஐஸ். ஒரு வாய் மீன், ஒரு சின்ன சிப். குடிக்காதவங்க தயங்கவே வேணாம், அங்க யாரும் வற்புறுத்த மாட்டாங்க.

பில் வரலன்னு கோவப்படாதீங்க

நீங்க கேக்குற வரைக்கும் கொண்டு வர மாட்டாங்க, சாப்பிட்டு முடிச்ச ஆளை கிளப்புறது அங்க மரியாதைக் குறைவு. "தோன் லோகாரியஸ்மோ, பராகலோ"ன்னு சொன்னா வரும். பிரெட்டுக்கு ஆளுக்கு ஒரு சின்ன தொகை சேத்திருப்பாங்க, அது வழக்கம்தான். மீன் வரியில எடையையும் கிலோ விலையையும் பெருக்கிப் பாருங்க, தராசுல சொன்ன தொகை வரணும். சட்டப்படி ரசீது தரலன்னா நீங்க காசு குடுக்க வேண்டிய கட்டாயமே இல்ல, அந்த வாசகம் மெனு கார்டுலயே அச்சடிச்சிருக்கும். டிப்ஸ் 5ல இருந்து 10 சதவீதம், காசா டேபிள்ல வச்சுட்டு வாங்க. பில்லோட தர்பூசணியோ ரவை அல்வாவோ ஒரு தட்டு வந்தா "நாங்க ஆர்டர் பண்ணலையே"ன்னு திருப்பி அனுப்பிடாதீங்க, அது கடைக்காரர் குடுக்குறது, காசு கிடையாது.