முகவரியில் கை வைக்காதீர்கள்: வலைப்பதிவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

வலைப்பதிவு தொடங்கிக் கொஞ்ச நாள் ஆனவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "கூகுள்ல வரவே மாட்டேங்குது, என்ன பண்ணலாம்?" உள்ளே போய்ப் பார்த்தால், பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் பிளாக்ஸ்பாட்டில் நாங்கள் எல்லோரும் அடித்த அதே கூத்து. தீம் மட்டும்தான் புதுசு.

அடுத்தவர் பதிவைக் காப்பியடிக்காதீர்கள், எழுத்துப்பிழை பாருங்கள், பக்கம் திறந்ததும் பாட்டு ஓடவிடாதீர்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விவரம் தெரிந்தவர்களே சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

கீவேர்டு மெட்டா டேக்

பதிவு எதைப் பற்றியது என்று பக்கத்தின் நிரலுக்குள் ஒளித்துவைக்கும் சொற்பட்டியல் இது. தரவரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லியாகிவிட்டது. விடுங்கள்.

தேடுபொறியை வெளியே நிறுத்திவிட்டுக் காத்திருப்பது

வேர்டுபிரஸ் செட்டிங்ஸில் 'ரீடிங்' பக்கத்தின் அடியில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. தேடுபொறிகள் இந்தத் தளத்தை இண்டெக்ஸ் செய்ய (தங்கள் பட்டியலில் சேர்க்க) வேண்டாம் என்று சொல்லும் கட்டம். தளம் பாதி வேலையில் இருக்கும்போது அதை டிக் செய்வது நல்ல பழக்கம். திறப்பு விழா முடிந்தபின் டிக்கை எடுக்க மறப்பதுதான் வழக்கமாக நடப்பது. மாதக்கணக்கில் எழுதிவிட்டு "கூகுளுக்குத் தமிழ்னா இளக்காரம்" என்று புலம்பியவர்களின் தளத்தில் இந்த டிக்கைப் பார்த்திருக்கிறேன்.

இதன் தம்பி ஒன்று உண்டு. ஒரு பக்கம் தேடலில் வரக்கூடாது என்று அதற்குள் 'நோஇண்டெக்ஸ்' என்ற குறியைப் போடுவார்கள். கூடவே, எந்தப் பக்கத்தைத் திறக்கக்கூடாது என்று தேடுபொறிக்குச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பிலும் அதைத் தடுத்துவிடுவார்கள். ரோபாட்ஸில் தடுத்தால் கூகுள் அந்தப் பக்கத்தைத் திறக்காது. திறக்காவிட்டால் உள்ளே இருக்கும் நோஇண்டெக்ஸ் அதன் கண்ணில் படாது. வேறு யாராவது அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தால் வெறும் முகவரியாக அது தேடலில் வந்து நிற்கும். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய வேண்டும். மறைக்க வேண்டுமென்றால் நோஇண்டெக்ஸ்.

பதிவின் முகவரியை மாற்றுவது

எனக்கு இன்னும் எரிச்சல் தீராத தவறு இதுதான். மற்றவற்றை ஒரு சாயங்காலம் உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். இது வருஷக்கணக்கில் சேர்த்ததை ஒரு ராத்திரியில் காலி செய்துவிடும். செய்தவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. அவர் கணினியில் தளம் அழகாகத் திறக்குமே!

கரூர்ப் பக்கம் ஒரு சகோதரி, மாடித்தோட்டம் பற்றி பிளாக்ஸ்பாட்டில் எழுதிவந்தார். செம்பருத்தியில் அப்பும் மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் எந்த அளவில் கலப்பது, எந்த நேரத்தில் அடிப்பது, இலைக்கு அடியில் ஏன் அடிக்க வேண்டும் என்று ஒரு பதிவு. அதைத் தேடினால் அவர் பதிவுதான் முதலில் வரும். யாரோ சொன்னார்கள் என்று ஒரு டிசைனரைப் பிடித்து, சொந்த டொமைன் (தளப் பெயர்) வாங்கி, வேர்டுபிரஸுக்கு மாறினார். டிசைனர் பதிவுகளை இறக்குமதி செய்தார், பளபளவென்று தீம் போட்டார். பிறகு, "ரெண்டு இடத்துல ஒரே பதிவு இருந்தா கூகுள் தண்டிக்கும்" என்று சொல்லிப் பழைய வலைப்பதிவையே டெலீட் செய்துவிட்டார்.

அப்புறம் எனக்கு போன். "அண்ணா, சைட் சூப்பரா இருக்கு. ஆனா ஆளே வரமாட்டேங்குறாங்க."

அந்தத் தண்டனைக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரே பதிவு இரண்டு இடத்தில் இருந்தால் கூகுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காட்டும், மற்றதை ஒதுக்கிவைக்கும். எதைக் காட்ட வேண்டும் என்று நாமே சொல்வதற்கு கெனானிக்கல் என்ற குறி 2009-லிருந்து இருக்கிறது. இதற்காக எதையும் அழிக்கத் தேவையில்லை.

கூகுளுக்கு ஒரு பதிவை அதன் முகவரியால்தான் தெரியும். அந்தப் பதிவுக்கு யார் யார் இணைப்புக் கொடுத்தார்கள், அது எவ்வளவு காலமாக இருக்கிறது என்ற கணக்கெல்லாம் அந்த முகவரியின் பேரில்தான் ஏறியிருக்கும். நிலத்துக்கு சர்வே நம்பர் மாதிரி. வீட்டை இடித்துக் கட்டலாம், பெயின்ட் அடிக்கலாம். சர்வே நம்பரை நம் இஷ்டத்துக்கு மாற்றி எழுதிவிட்டுப் பட்டாவைத் தேடக்கூடாது. முகவரி மாறியே ஆக வேண்டுமென்றால், பழையதைத் தட்டுகிறவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் 301 ரீடைரக்ட் வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் அதற்குரிய புதுப் பக்கம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் தனியாக ஒரு கண்ணி இருக்கிறது. ஆங்கிலத் தளங்களில் வரும் 'எப்படி மாறுவது' கட்டுரைகளில் இது இருக்காது. தமிழில் தலைப்பு வைத்தால் பிளாகர் (பிளாக்ஸ்பாட் பதிவுகளை எழுதும் கூகுள் சேவை) அந்த எழுத்துகளை முகவரியில் சேர்க்காது. எல்லாவற்றுக்கும் 'பிளாக்-போஸ்ட்' என்றே பெயர் வைக்கும். அந்த மாதத்தில் இரண்டாவது பதிவு என்றால் வாலில் ஓர் எண். அடுத்த மாதம் மறுபடி 'பிளாக்-போஸ்ட்'. வருஷமும் மாதமும் முகவரியில் முன்னால் இருப்பதால் பிளாகருக்குக் குழப்பமில்லை. வேர்டுபிரஸிலோ இரண்டு பதிவுகளுக்கு ஒரே பெயர் இருக்க முடியாது. ஆகவே பெர்மாலிங்க் (பதிவின் நிரந்தர முகவரி) அமைப்பில் வருஷம், மாதம், பெயர், எச்டிஎம்எல் வால் என்று பிளாகரைப் போலவே அமைத்து, பழைய பெயர்களையும் அப்படியே இட்டாலும், 2012 மே மாத 'பிளாக்-போஸ்ட்' தப்பிக்கும். ஜூன் மாதத்ததற்கு வேர்டுபிரஸ் தானாக '-2' ஒட்டிவிடும். ஆங்கிலத் தலைப்பு வைத்தவர்களுக்கு ஓரளவு தானாகப் பொருந்திப்போவது நமக்குப் பொருந்தாது. பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகத்தான் இணைக்க வேண்டும்.

பட்டியல் போடுவது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. மாறுவதற்கு முன்பே பிளாகரின் சைட்மேப்பைத் திறந்து எல்லா முகவரிகளையும் எக்ஸெலில் ஒரு வரிசையில் ஒட்டுங்கள். பக்கத்து வரிசையில் புது முகவரி. தளம் தேடலில் எப்படி வருகிறது என்று கூகுள் காட்டும் சர்ச் கன்சோலில் அதிகம் கிளிக் வாங்கிய பக்கங்களையும் எடுத்து, அவை பட்டியலில் விடுபடவில்லை என்று சரிபாருங்கள். வேர்டுபிரஸில் சேர்க்கும் ரீடைரக்ட் பிளகின்கள் (துணை நிரல்கள்) இந்த இரண்டு வரிசைக் கோப்பை அப்படியே வாங்கிக்கொள்ளும். மொபைலில் திறந்தால் பிளாகர் முகவரியின் வாலில் கேள்விக்குறியோடு 'எம்=1' ஒட்டிக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் பகிரப்பட்டவை பெரும்பாலும் அந்த வாலோடுதான் சுற்றுகின்றன. வாலோடு வந்தாலும் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்கிறதா என்று சோதியுங்கள்.

பிளாக்ஸ்பாட் முகவரியில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். பிளாகரின் செட்டிங்ஸில் இருக்கும் ரீடைரக்ட் அதே வலைப்பதிவுக்குள் மட்டும்தான் வேலை செய்யும், வெளித்தளத்துக்கு அனுப்பாது. பழைய தீமுக்குள் சிறு ஸ்கிரிப்ட் வைத்துத்தான் வாசகரைப் புதுத் தளத்துக்குத் தள்ள வேண்டும். அதனால்தான் புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் சொல்கிறேன்: பிளாகரிலேயே இருங்கள், தப்பில்லை, ஆனால் முதல் நாளே சொந்த டொமைனை அதில் இணைத்துவிடுங்கள். நாளைக்கு எங்கே போனாலும் வருகிற இணைப்பெல்லாம் உங்கள் வாசலுக்குத்தான் வரும். முகவரிப் பெட்டியில் ஆங்கில எழுத்தில் சின்னதாக ஒரு பெயரையும் கொடுத்துவிட்டால் 'பிளாக்-போஸ்ட்' தொல்லையும் இல்லை.

இதற்கெல்லாம் சோம்பல்பட்டு ஒரு குறுக்குவழி செய்வார்கள் பாருங்கள், அதுதான் உச்சம். இல்லாத பக்கம் எதைக் கேட்டாலும் முகப்புக்கு அனுப்பிவிடும் பிளகின். "404-யே வராது சார்" என்று பெருமையாகச் சொல்வார்கள். 404 என்றால் 'பக்கம் இல்லை' என்ற பதில். மாவுப்பூச்சிக்கு மருந்து தேடி வந்தவர் முகப்பில் நின்று முழிப்பார். கூகுளும் ஏமாறாது. சம்பந்தமில்லாமல் முகப்புக்குத் திருப்பினால் அதை சாஃப்ட் 404 என்று எழுதிவைத்துக்கொண்டு, பக்கம் இல்லை என்றே நடத்தும்.

தளம் மாறாதவர்களும் இந்தக் குழியில் விழுவதுண்டு. வேர்டுபிரஸ் தமிழ்த் தலைப்பை முகவரியில் அப்படியே வைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு அது ஒதுக்கும் இடம் 200 எழுத்து. தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் சதவீதக் குறிகளோடு 9 எழுத்தாக விரியும். 'மா' என்றால் ம ஒன்று, கால் ஒன்று, ஆக 18. 'மாவுப்பூச்சி' என்ற ஒரு சொல்லே 108 எழுத்தைத் தின்றுவிடும். அடுத்த சொல்லும் நீளமென்றால் முகவரி பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஒரு முழத்துக்குச் சதவீதக் குறியாக ஓடும். இதைப் பார்த்துவிட்டு, ஏதோ ஒரு யூடியூப் வீடியோவின் பேச்சைக் கேட்டு, ஐந்து வருஷப் பதிவுகளின் முகவரியை எல்லாம் ஒரே நாளில் ஆங்கிலத்துக்கு மாற்றுவார்கள். தேவையே இல்லை. தமிழ் முகவரியைக் கூகுள் நன்றாகவே படிக்கும். புதுப் பதிவுக்குச் சின்ன ஆங்கில முகவரி வையுங்கள், பழையதைத் தொடாதீர்கள். பதிவின் முகவரியைத் திருத்தினால் வேர்டுபிரஸ் பழைய பெயரை நினைவில் வைத்துத் தானே திருப்பிவிடும் என்பது உண்மைதான். டேட்டாபேஸில் நேராக மாற்றினால் அந்த நினைவு இருக்காது.

கரூர்ச் சகோதரிக்கு ஒரு நல்ல காலம் இருந்தது. டெலீட் செய்த வலைப்பதிவை 90 நாள் வரை பிளாகர் வைத்திருக்கும். அதற்குள் மீட்டுவிட்டோம். பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக இணைத்து, பழைய தீமில் ஸ்கிரிப்ட் வைத்து, வாசகர்கள் மெல்லத் திரும்பினார்கள். முழுக்க இல்லை. மாவுப்பூச்சி என்று தேடினால் இப்போது முதலில் நிற்பது ஒரு வீடியோ. அவர் பதிவில் இருந்த அதே அளவு, அதே வரிசை.

ரீடைரக்டைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். நான் எடுக்கவே எடுக்காதீர்கள் என்பேன். அது என்ன சோறா கேட்கிறது?

தலைப்பில் கவிதை

'மண்ணோடு ஒரு மாலை' என்று தலைப்பு. உள்ளே தொட்டிக்கு மண்கலவை தயாரிக்கும் முறை. யார் தேடுவார்கள் இதை? அச்சுப் பத்திரிகையில் பக்கத்தைப் புரட்டுகிறவர் படத்தைப் பார்த்து நின்றுவிடுவார். தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது தலைப்புதான்.

மக்கள் எப்படித் தேடுகிறார்கள் என்று ஊகிக்க வேண்டாம். சர்ச் கன்சோலில் 'குவெரீஸ்' பட்டியலைத் திறந்தால் அவர்கள் தட்டிய சொற்கள் அப்படியே இருக்கும். தமிழ்த் தளங்களில் அதைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. பாதிப் பேர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவார்கள், மீதிப் பேர் பேசுகிற மாதிரியே தட்டுவார்கள். "செடில வெள்ள பூச்சி போக" என்று ஒருவர் கேட்கிறார் என்றால், பதிவின் முதல் பத்தியில் 'வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும் பூச்சி' என்று ஒரு வரி இருந்தால் போதும். எல்லா வடிவத்தையும் அடியில் நாற்பது சொல்லாகக் கொட்டிவைப்பது வேறு. அது வாசகருக்கும் அருவருப்பு, கூகுளுக்கும் ஸ்பாம்.

படத்துக்குள் எழுத்து

சமையல் குறிப்பு முழுவதையும் பூப்போட்ட படமாக்கிப் போடாதீர்கள். செய்முறையை எழுத்தாகத் தட்டுங்கள். போனில் எடுத்த படத்தையும் சுருக்காமல் ஏற்றாதீர்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. தாண்டினால் உலகம் அழியாது, ஆனால் சிக்னல் இல்லாத ஊரில் இருப்பவர் காத்திருக்க மாட்டார்.

காசு கொடுத்து வாங்கும் இணைப்பு

2012-ல் இப்படிப்பட்ட இணைப்புகளைப் பிடிக்கக் கூகுள் 'பென்குயின்' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தபோதே முடிந்துபோன வியாபாரம். இன்னும் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏஐ-யிடம் வாங்கிக் குவிப்பது

நாளுக்கு இருபது பதிவு. 2024 மார்ச்சில் கூகுள் இதற்கென்றே ஸ்பாம் விதி போட்டது. ஏஐ எழுதியதா என்பதைவிட, யாருக்கும் உதவாததைத் தேடலுக்காக மொத்தமாகக் குவித்தீர்களா என்பதைத்தான் அந்த விதி பார்க்கிறது.

டொமைனைப் புதுப்பிக்க மறப்பது

கூகுளுக்கே நடந்தது இது. 2012-ல் இந்திய வாசகர்களை எல்லாம் பிளாக்ஸ்பாட் டாட் இன் என்ற முகவரிக்குத் திருப்பிவிட்டார்கள். பிறகு அந்தத் திருப்புதலை நிறுத்தினார்கள். 2020-ல் அந்த டொமைன் அவர்கள் கையைவிட்டு வேறொருவர் கைக்குப் போய்விட்டது. இடைப்பட்ட காலத்தில் நாம் நகலெடுத்துப் பகிர்ந்த 'டாட் இன்' இணைப்புகள் எல்லாம் செத்தன. உங்கள் பழைய பதிவுகளுக்குள் அப்படி ஏதும் கிடந்தால் தேடிப்பிடித்து 'டாட் காம்' ஆக்குங்கள்.

சொந்த டொமைனில் ஆட்டோ ரினியூவல் போட்டிருக்கிறேன் என்று தூங்க வேண்டாம். 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதிப்படி கார்டில் தானாகப் பணம் பிடிப்பதற்கு முன் அனுமதி வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்களிடம் அது சத்தமில்லாமல் தோற்றுப்போவதுண்டு. நினைவூட்டல் மின்னஞ்சலும் டிசைனருக்குப் போகும், ஏனென்றால் பல பேருக்கு டொமைன் இருப்பதே டிசைனரின் கணக்கில். இன்றைக்கே உள்ளே போய், யார் பெயரில், எந்த மின்னஞ்சலில், எந்தத் தேதிவரை என்று பார்த்துவிடுங்கள். உங்கள் பெயரில் இல்லையென்றால், டிசைனரோடு சண்டை வருவதற்கு முன்பே மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.