பீரோவில் கிடக்கும் பழைய மை பேனாவை எழுத வைப்பது எப்படி?

அப்பா அரிசி ஆலையில் கணக்கு எழுதியவர். போன மாதம் பீரோவைக் காலி செய்தபோது வேட்டிகளுக்கு அடியில் அவருடைய பேனா கிடைத்தது. கறுப்பும் பச்சையும் கலந்த எபொனைட் உடம்பு. மூடி திறந்தது, ஆனால் மை ஊற்றுவதற்குக் கழுத்தைத் திருகினால் அசையவே இல்லை. மரையில் பழைய மை காய்ந்து பிடித்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் பலரும் குறடைத் தேடுவார்கள். வேண்டாம். ஒரு டம்ளரில் சாதாரணத் தண்ணீர் எடுத்து, நிப்பும் கழுத்தும் மட்டும் மூழ்கும்படி பேனாவை நிறுத்துங்கள். அரை மணி நேரத்தில் தண்ணீர் நீலமாகும். மாற்றுங்கள். மூன்று நான்கு தடவை மாற்றிய பிறகு, பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிக் கழுத்தில் சுற்றி மெல்லத் திருகுங்கள். எனக்கு ஐந்தாவது டம்ளரில் அசைந்தது.

வெந்நீர் மட்டும் கூடவே கூடாது. எபொனைட் என்பது ரப்பரில் கந்தகத்தை நிறையக் கலந்து சூடேற்றி இறுக்கிய பொருள். சுடுதண்ணீர் பட்டால் பளபளப்பு போய்ப் பழுப்பேறிவிடும். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், மாமாவின் கறுப்புப் பேனாவைக் காப்பிக்கு வைத்த கொதிநீரில் போட்டவன் நான்தான். சாணி நிறத்தில் வெளியே வந்தது. மாமா இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

அடுத்தது நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டை. எங்கள் வீட்டில் அதற்கு நாக்கு என்று பேர். பேனாவின் உயிர் அதில்தான் இருக்கிறது. மையை உள்ளேயே வைத்துக்கொள்ளும் பேனாக்கள் முன்பே இருந்தன. ஆனால் நினைத்தால் ஒழுகும், நினைத்தால் நின்றுவிடும். நியூயார்க்கில் லூயிஸ் வாட்டர்மேன் 1884இல் காப்புரிமை வாங்கியது இந்த நாக்குக்குத்தான். அதன் பள்ளத்துக்குள் மயிரிழை போன்ற கீறல்களைப் போட்டார். மை கீழே இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று மேலே ஏற வேண்டும். காற்று ஏறாவிட்டால் பேனா நிறைய மை இருந்தும் எழுதாது. அந்தக் கீறல்களில் ஊசியை விட்டு நோண்டினால் வழி அகலமாகி, அப்புறம் ஒழுகிக்கொண்டே இருக்கும். பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு, மிருதுவான பல் துலக்கும் பிரஷ், இது போதும்.

நிப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவில் இருக்கும் பிளவு நுனிக்குப் போகப்போகக் குறுகி வர வேண்டும். நுனியில் ஒட்டியிருக்கும் சின்ன உருண்டை உதிர்ந்து போயிருந்தால், சரி, நிப்பை மாற்ற வேண்டியதுதான்.

மை வாங்கும்போது மை பேனாவுக்கானது என்று கேட்டு வாங்குங்கள். படம் வரையும் இந்தியன் இங்க்கில் அரக்கு இருக்கும். நாக்கை ஒரேயடியாக அடைத்துவிடும். ஃபில்லரால் மரைக்குக் கொஞ்சம் கீழே வரை நிரப்பி, மரையில் சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவி மூடுங்கள்.

இந்த வகைப் பேனா மை தீரும் நேரத்தில்தான் கக்கும். பள்ளிக்கூடத்தில் நோட்டில் மை கொட்டி, சாக்பீஸை உருட்டி உறிஞ்ச வைத்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். அப்போது பேனாவைத்தான் திட்டினோம். உண்மையில் குற்றவாளி நம் கை. மை குறைந்த இடத்தில் காற்று நிறைந்திருக்கிறது. கைச்சூட்டில் அது விரிந்து மையை வெளியே தள்ளுகிறது. ஆகவே மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே மறுபடி நிரப்பிவிடுங்கள்.

எல்லாம் முடிந்து எழுதினால், அப்பாவின் பேனா எனக்குத் தாளைக் கீறியது. உங்களுக்கும் கீறினால் நிப்பைத் தேய்க்கப் போகாதீர்கள். பேனாவை விரல்களுக்குள் இடப்பக்கமோ வலப்பக்கமோ துளித்துளியாகத் திருப்பி எழுதிப் பாருங்கள். நிப்பு, வைத்திருந்தவரின் கைச்சாய்வுக்குத் தேய்ந்திருக்கும். நான் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினேன். எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அப்பா அப்படித்தான் பிடித்திருக்கிறார்.