மாரி இரவில் வீட்டில் 'ஜேன் எயர்' படம் போடுவது எப்படி

ஜேன் எயர் என்றதும் "அந்தக் காதல் கதைதானே" என்று பலர் சொல்லி விடுகிறார்கள். காதல் இருக்கிறது, அழகான காதல்தான். ஆனால் கதையின் உயிர் இன்னொரு இடத்தில் இருக்கிறது. கையில் காசில்லாத, சொந்தமென்று போய் நிற்க ஒரு வாசல்கூட இல்லாத பெண் ஒருத்தி, தான் உயிராய் நேசிக்கிற மனிதனிடம் "முடியாது" என்று சொல்லிவிட்டு வீட்டை விட்டு இறங்கி நடக்கிறாள். பார்க்கிறவர்களின் நெஞ்சில் அந்த இடம் இறங்க வேண்டும். அதற்கு எந்தப் படத்தைப் போடுவது, முன்னால் எதைச் சொல்வது, எதை மறைப்பது, எங்கே நிறுத்துவது என்று கொஞ்சம் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. திருகோணமலையில் வீட்டாட்களைக் கூட்டி வைத்துப் பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். படம் போடுகிறவருக்குக் கதை முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும், ஆகவே கீழே ரகசியம் உட்பட எல்லாவற்றையும் சொல்கிறேன்.

சார்லட் புரொண்டே 1847இல் 'கரர் பெல்' என்ற புனைபெயரில் வெளியிட்ட நாவல் இது. திரும்பத் திரும்பப் படமாகியிருக்கிறது. ஓர்சன் வெல்ஸும் ஜோன் ஃபொன்டெய்னும் நடித்த 1943ஆம் ஆண்டுக் கறுப்பு வெள்ளைப் படம் பிரமாதமான இருட்டு உள்ள படம், ஆனால் அதில், ஜேன் ஆசிரியையாக வேலைக்குப் போகிற வீட்டின் எஜமானும் அவள் காதலனுமான ரொச்செஸ்டர் வந்து நின்றால் ஜேன் சின்னதாகிப் போகிறாள். 1996இல் செஃபிரெல்லி எடுத்தது மென்மையானது. 2006இல் பிபிசி நான்கு பாகமாக எடுத்த தொடர் நாவலுக்கு நிறைய நேரம் கொடுக்கிறது, ஆனால் ஓர் இரவில் பார்த்து முடிக்கிற விஷயமில்லை. நான் சொல்வது 2011இல் கேரி ஃபுகுநாகா இயக்கிய படத்தை. மியா வசிகோவ்ஸ்கா ஜேன், மைக்கேல் ஃபாஸ்பெண்டர் ரொச்செஸ்டர், வீட்டைப் பார்த்துக்கொள்கிற மிஸஸ் ஃபெயர்ஃபாக்ஸாக ஜூடி டென்ச். இரண்டு மணித்தியாலம். கமெரா ஜேனை விட்டு அகலாது, அதுதான் எனக்கு முக்கியம்.

எப்போது போடுவது? நவம்பர், டிசம்பர். வடகீழ்ப் பருவமழை இறங்கி, நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் குறைந்து, கடல் கறுத்துக் கிடக்கிற நாட்கள். படம் எடுத்த இங்கிலாந்தின் டார்பிஷயர் பக்கத்து ஈரமும் மூடுபனியும் நமக்குத் தெரியாது, ஆனால் மாரி இரவில் கடற்காற்று கதவைப் பிடித்து ஆட்டுவது எல்லோருக்கும் தெரியும். ஏப்ரல், மே வெயிலில் பகல் இரண்டு மணிக்கு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இந்தப் படத்தைப் போட்டால் திரையில் பாதி தெரியாது. இரவுக் காட்சிகளில் மெழுகுதிரி வெளிச்சத்துக்கு மேலே பெரிதாக வெளிச்சம் வைக்கவில்லை, அறையின் மூலைகளெல்லாம் இருட்டு. ஆகவே லைட்டை அணையுங்கள், வராந்தா லைட்டையும்தான். டிவியில் நிறத்தைப் பளீரென்று காட்டுகிற செட்டிங் இருந்தால் மாற்றி, சினிமா என்று இருப்பதை வையுங்கள். அசைவை வழுவழுப்பாக்குகிற செட்டிங் இருந்தால் அதையும் நிறுத்தி விடுங்கள், இல்லாவிட்டால் 19ஆம் நூற்றாண்டு வீடு சீரியல் செட் மாதிரி ஆகிவிடும்.

சத்தத்தைப் பற்றிக் கட்டாயம் யோசிக்க வேண்டும். இந்தப் படத்தில் ஆட்கள் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள், சில நேரம் பேசாமலே இருக்கிறார்கள், பலகைத் தரையில் கால் வைக்கிற சத்தமும் ஜன்னலில் காற்றும்தான் கதை சொல்கின்றன. தகரக் கூரையில் மழை அடித்தால் டிவியின் சொந்த ஸ்பீக்கர் எடுபடாது. சின்னதாக ஒரு ஸ்பீக்கர் இரவல் வாங்கியாவது வையுங்கள். டாரியோ மாரியனெல்லியின் இசையில் வயலின் ஒன்று ஜேன் வாய்விட்டுச் சொல்லாததையெல்லாம் சொல்லிக்கொண்டே போகும், மழையில் அதை இழந்து விடக் கூடாது. காது மந்தமான பெரியவர்களை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இருத்துங்கள். ஆங்கில சப்டைட்டில் போட்டே விடுங்கள், இங்கிலிஷ் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் அந்தக் காலத்துப் பேச்சு உடனே பிடிபடாது. மழைக்கு இணையம் இழுபடும், கரண்டும் போகும், ஆகவே படத்தை முதல் நாளே இறக்கி லப்டொப்பில் வைத்து, சார்ஜையும் நிரப்பி விடுங்கள்.

அடுத்தது, முன்னால் என்ன சொல்வது. நாவல் சிறு வயதிலிருந்து வரிசையாகப் போகிறது, இந்தப் படம் அப்படியில்லை. ஜேன் ஒரு பெரிய வீட்டை விட்டு அழுதுகொண்டே வெளியேறி, வெட்டவெளியில் மழையில் நனைந்து, முன்பின் தெரியாதவர்களின் வாசலில் விழுகிற இடத்தில் தொடங்கி, பிறகுதான் பின்னோக்கிப் போகிறது. நாவல் படிக்காதவர்கள் முதல் பத்து நிமிடத்தில் "இது யார், ஏன் ஓடுகிறாள்" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள், பெரியவர்கள் அதோடு எழும்பிப் போயும் விடுவார்கள். எனவே இரண்டு விஷயம் மட்டும் சொல்லி வையுங்கள். முதல் காட்சி கதையின் நடுவில் நடப்பது. அடுத்தது, ஜேன் தாய் தகப்பன் இல்லாமல் மாமி வீட்டில் வளர்ந்த பிள்ளை. அம்மாவின் தமையன் செத்துப்போக, அவர் மனைவி மனமில்லாமல் வைத்து வளர்க்கிறாள், அந்த வீட்டு மச்சான் அவளை அடிக்கிறான். இதை இப்படிச் சொன்னால் எந்த அம்மம்மாவுக்கும் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

இருண்ட பெரிய வீடும் மர்மமும் பயமும் காதலும் கலந்த இந்த மாதிரிக் கதையைக் கோதிக் என்பார்கள், அதை விளக்கப் போய்ப் பாடம் நடத்த வேண்டாம். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், சுவாமி மலையில் நிற்கிற டச்சுக் காலத்துத் தூணின் கதையை இங்கே கேள்விப்படாதவர்கள் குறைவு. காதலன் கப்பலேறிப் போனதும் உச்சியிலிருந்து பாய்ந்தாளாம் ஒல்லாந்துக்காரப் பெண் ஒருத்தி. உண்மையோ கதையோ, பாறையும் கடலும் காதலும் சாவும் ஒன்றாகச் சேர்கிற அந்த உணர்வுதான். அதைச் சொல்லி, "இந்தப் படத்தில் வருகிறவள் பாய மாட்டாள், நடப்பாள்" என்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாசிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் நாவலின் முதல் இரண்டு அத்தியாயத்தையும் 12ஆவதையும் முன்கூட்டியே படிக்கக் கொடுங்கள். காப்புரிமை முடிந்த நூல், குட்டன்பேர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முழுதும் 38 அத்தியாயம், இந்த மூன்று போதும். பன்னிரண்டில் ஜேன் கூரையில் ஏறி நின்று தூரத்தைப் பார்த்துக்கொண்டு, பெண்களுக்கும் ஆண்களைப் போலவே உணர்ச்சியும் அலைச்சலும் இருக்கிறது என்று நினைக்கிற பகுதி வரும். படத்தில் அது ஜன்னலோரத்தில் மிஸஸ் ஃபெயர்ஃபாக்ஸோடு பேசுகிற சில வரியாகச் சுருங்கியிருக்கிறது. படித்துவிட்டு வந்த பிள்ளை அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரும்.

சொல்லக் கூடாதது மேல்மாடி. ரொச்செஸ்டர் ஏற்கெனவே கல்யாணமானவர், மனைவி பெர்த்தா அந்த வீட்டிலேயே பூட்டி வைக்கப்பட்டிருக்கிறாள் என்பது கல்யாண நாளில், தேவாலயத்தில் வைத்துத்தான் தெரிய வேண்டும். முன்பே படித்தவர்களிடம் தனியாகச் சொல்லி வாயைக் கட்டி வையுங்கள். இரவில் கட்டில் தீப்பிடிக்கிற காட்சியில் "ஆ, இது அவள்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், மற்றவர்களுக்குப் படம் அங்கேயே முடிந்துவிட்டது. சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் சொல்வேன். அடியும் இரத்தமும், பள்ளிக்கூடத்தில் தோழி ஹெலன் சாவதும் வருகின்றன.

இடைவேளை விட்டே ஆக வேண்டுமென்றால், சாகக் கிடக்கிற மாமியைப் பார்க்க ஜேன் புறப்படுகிற இடத்தில் விடுங்கள். பிளேன்டியும் ரோல்ஸும் அப்போது. ரொச்செஸ்டர் மரத்தடியில் கல்யாணம் கேட்டதற்குப் பிறகு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்த வேண்டாம். அந்தச் சந்தோஷம், தேவாலயம், மேல்மாடி, பிறகு கல்யாணமில்லாமலே தன்னோடு இருக்கச் சொல்லி அவர் அவளைப் போகவிடாமல் கெஞ்சுகிற இரவு, எல்லாம் ஒரே மூச்சில் போக வேண்டும். அவர் கேட்பது அவளுக்கும் ஆசையானதுதான், அவள் சம்மதித்தால் தடுக்க யாரும் இல்லை, விட்டுப் போனால் கேட்க நாதியும் இல்லை. அப்படியிருந்தும் தன் மதிப்பைத் தானே காத்துக்கொண்டு போகிறாள். முதல் காட்சி எதற்கு என்று எல்லோருக்கும் அப்போதுதான் விளங்கும். அறையில் பேச்சு நின்றுவிடும், அதைக் குலைக்காதீர்கள்.

முடிந்ததும் லைட்டைப் போட்டுவிட்டு ஆட்களைப் பேச விடுங்கள். நாவலில் இருந்து படத்துக்கு வராதவற்றை அப்போது சொல்லலாம். ரொச்செஸ்டர் குறிசொல்லும் கிழவியாக வேஷம் போட்டு வருகிற அத்தியாயம் இதில் இல்லை. நாவலின் முடிவில் அவருக்குக் கண்பார்வையோடு ஒரு கையும் போகிறது. இன்னொன்று நம் ஆட்களுக்கு மிகவும் சுவையானது, படத்தில் கிடைக்காதது: ஜேனைக் காப்பாற்றிப் பிறகு தன்னைக் கட்டச் சொல்லி வற்புறுத்துகிற பாதிரியார் செயின்ட் ஜோன், அவளுடைய தகப்பனின் சகோதரி மகன். நம் கணக்கில் முறை மச்சான். காதலனை ஒரு தடவை, முறை மாப்பிள்ளையை ஒரு தடவை என்று இரண்டு பேருக்கும் இல்லை என்றவள். இதைச் சொன்ன பிறகு பெரியவர்களும் இளசுகளும் ஒரே பக்கம் நிற்க மாட்டார்கள், நல்ல வாக்குவாதம் வரும்.

அந்த செயின்ட் ஜோன் மதம் பரப்ப இந்தியா போகிறவர், ஜேனையும் ஹிந்துஸ்தானி படிக்க வைக்கிறார். இலங்கையில் வெஸ்லியன் மிஷனரிமார் 1814இலேயே வந்திறங்கிவிட்டார்கள், 1795இலிருந்து திருமலைக் கோட்டை பிரிட்டிஷ்காரர் கையில். ஆகவே இந்த நாவல் அச்சான காலத்தில் நாமும் அதே சாம்ராஜ்யத்துக்குள் இருந்தவர்கள். பெர்த்தா ஜமேக்காவிலிருந்து 30,000 பவுண்ட் சீதனத்தோடு கொண்டுவரப்பட்டவள், அவள் தரப்பில் ஒரு வார்த்தை நாவலில் இல்லை, அவளைப் பற்றித் தெரிவதில் பெரும்பகுதி ரொச்செஸ்டர் வாயால் வந்தது. நாம் இதைக் கவனிக்காமல் விடக் கூடாது என்பது என் எண்ணம். டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரைஸ் 1966இல் பெர்த்தாவின் கதையை 'வைட் சர்காசோ ஸீ' என்று தனி நாவலாக எழுதினார். குழுவில் வாசிக்கிறவர் ஒருவராவது இருந்தால் அவருக்கு அதைச் சொல்லுங்கள்.

அந்தக் கால இங்கிலிஷ் நாவல்களில் ஆர்வம் பிடித்த பிள்ளை யாராவது இருந்தால், மழை விட்ட ஒரு நாளில் நகரத்துப் பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். ஜேன் ஒஸ்டினின் தம்பி, கடற்படை அதிகாரி சார்ள்ஸ் ஒஸ்டின், 1852இல் பர்மாவில் இறந்து இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். கோதிக் நாவல்களைப் படித்துப் படித்துப் பயந்துபோன பெண்ணைப் பற்றி 'நோர்தாங்கர் அபே' எழுதியவரின் தம்பி.

சரி, அடுத்த சனிக்கிழமைக்கும் ஒரு படம் இருக்கிறது. 1969இல் வந்த 'சாந்தி நிலையம்', ஜெமினி கணேசனும் காஞ்சனாவும் நடித்தது, ஜேன் எயர் கதையின் சாயலில் எடுத்தது. மார்கஸ் பார்ட்லிக்கு ஒளிப்பதிவுக்காகத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். இதை முதலில் போட வேண்டாம், ஆங்கிலப் படம் பார்த்த பிறகு போட்டால்தான் எதை எடுத்தார்கள், எதை மாற்றினார்கள் என்று ஆட்கள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். 'இயற்கை என்னும் இளைய கன்னி' பாட்டு இதில்தான். பாட்டுகளை ஓட்டிவிடாதீர்கள், வீட்டில் மூத்தவர்கள் அதற்காகவே கடைசி வரைக்கும் இருப்பார்கள்.