கேரவன் கூரையில் ராத்திரியெல்லாம் டொக் டொக்கா?

சென்னையில் கேரவனை மரத்தடியில் நிறுத்துமுன் முதலில் தரையைப் பாருங்கள். சப்பிப்போட்ட வாதாங்கொட்டைகள் சிதறிக் கிடந்தால் ராத்திரி வௌவால் விருந்து நிச்சயம், ஒவ்வொரு கொட்டையும் கூரையில் விழும்போது தூக்கிவாரிப் போடும். தென்னை என்றால் யோசிக்கவே வேண்டாம், நகர்ந்துவிடுங்கள். ஐப்பசி மழை விட்ட பிறகும் இலையிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும், அதனால் கிளை விரிப்புக்கு வெளியே கொஞ்சம் தள்ளி நிறுத்துவதுதான் நல்லது. இடமில்லையா? சரி, படுக்கைக்கு நேர் மேலே மட்டும் பழைய தென்னைநார்ப் பாயை விரித்து, மேல் ஜன்னலை அடைக்காமல் இறுக்கிக் கட்டுங்கள். வண்டியை எடுக்குமுன் கழற்றிவிட வேண்டும். உரசும் சிறு கிளையைக் கயிறு போட்டு ஒதுக்கலாம், தெருமரத்தை வெட்ட அனுமதி வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் மரத்தடியே கூடாது. 2016 டிசம்பரில் வர்தா இங்கே மரங்களைச் சாய்த்த கதை தெரியும்தானே.