குச்சிக்கிழங்கில் தொடங்குங்கள்

ஏற்காட்டு மலையில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சத்துணவுப் பாடம் எடுக்கப் போகிறீர்களா? ஆப்பிளும் கிவியும் போட்ட சார்ட்டைச் சுருட்டி வையுங்கள். ஒரு குச்சிக்கிழங்கு (மரவள்ளிக்கிழங்கு), ஊறவைத்த ஜவ்வரிசி ஒரு கை, அவித்த முட்டை ஒன்று, மருந்துக்கடையில் கிடைக்கும் டிஞ்சர் அயோடின், இவ்வளவு போதும்.

கிழங்குத் துண்டில் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமாக மாறும், அதுதான் மாவுச்சத்து. ஜவ்வரிசியும் அப்படித்தான், அது கிழங்கு மாவேதான் (சேலத்துப் பிள்ளைகளிலேயே பலருக்கு இது தெரியாது). முட்டை வெள்ளைக்கருவில் கருநீலம் வராது. ஏன் என்று அவர்களே கேட்பார்கள். சுண்டலில் மட்டும் அயோடினை விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன், கடலையிலும் மாவு இருப்பதால் அதுவும் கறுத்துப்போய், "அப்ப கடலையும் கிழங்கும் ஒண்ணா டீச்சர்?" என்று ஒருத்தன் கேட்க, அன்றைய பாடம் அத்தோடு சரி. பச்சைக் கிழங்கையும் அயோடின் பட்டதையும் யாரும் வாயில் வைக்கக் கூடாது.

அடுத்து ஆப்பிரிக்கா. உலகத்திலேயே அதிகமாக இந்தக் கிழங்கு விளைவது நைஜீரியாவில். அங்கே பாடம் எடுப்பவர்களும் இதையேதான் சொல்லியாக வேண்டும்: வயிறு நிறையும், ஆனால் கிழங்கில் புரதம் மிகக் குறைவு. அதனால்தான் கிழங்கை நம் களி மாதிரி உருட்டி, ஃபுஃபு என்று, கீரையும் மீனும் போட்ட குழம்பில் தொட்டுச் சாப்பிடுகிறபோது அது முழுச் சாப்பாடாகிறது. நம் ராகியே ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான் என்றும், 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம், அதே அளவு பாலில் சுமார் 120தான் என்றும் சொல்லிப் பாருங்கள், களி கொண்டுவர வெட்கப்பட்ட பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

அப்புறம் ஜோடி சேர்க்கிற விளையாட்டு. கிழங்குக்கு ஜோடி முட்டை, பயறு, கருவாடு. கீரைக்கு ஜோடி கொய்யா, எலுமிச்சை, ஏனென்றால் வைட்டமின் சி கூட இருந்தால் கீரையின் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். வரக்காப்பி (பால் விடாத காப்பி) அதை அவ்வளவாகச் சேரவிடாது. எஸ்டேட் வீட்டில் போய்க் காப்பியை விடு என்றால் நடக்காது. சாப்பாட்டுக்கும் காப்பிக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடச் சொல்லுங்கள், அது நடக்கும்.

நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று வகுப்பில் எழுப்பிக் கேட்காதீர்கள், சாப்பிடாத பிள்ளை பொய் சொல்லும். பள்ளியில் போடுகிற காலைச் சிற்றுண்டியையும் மதியச் சத்துணவையும் வைத்தே பேசுங்கள், அது எல்லார் தட்டிலும் ஒன்றுதான்.

சேலத்துக் கடைத் தின்பண்டமான தட்டுவடை செட்டையும் திட்ட வேண்டாம். பீட்ரூட்டும் கேரட்டும் துருவிப் போடுகிறார்களே! "காய் கொஞ்சம் கூடப் போடுங்கண்ணா" என்று கடையில் கேட்கப் பழக்குங்கள்.